தூக்க ஓர் ஆள்

"வெள்ளம் வந்தா தானா எழுந்து ஓட முடியாதவங்க வீட்டுல இருக்காங்களா?" கணக்கெடுக்க வந்த நர்ஸ் கேட்டாள்.

"யாரும் இல்லைங்க. நான் மட்டும்தான்," என்றாள் வாசலை மறித்து நின்ற பெண்.

உள்ளே இருமல் கேட்டது. நர்ஸ் எட்டிப் பார்த்தாள். கட்டிலில் கை கால் விழுந்த பெரியவர் கிடந்தார்.

"என் மாமனார்..." என்று அந்தப் பெண் முனகினாள்.

"இவரையா மறைச்சே? கல் நெஞ்சுடி உனக்கு! சொன்னாத்தானே படகோட ஆள் வந்து தூக்குவாங்க?"

"அவளைத் திட்டாதம்மா," பெரியவர் குழறினார். "நான்தான் அப்படிச் சொல்லச் சொன்னேன். போன வெள்ளத்துல என்னைப் படகுல ஏத்திவிட்ட பையன் தண்ணியோட போயிட்டான். இன்னொரு வீட்டுப் பிள்ளை எனக்காக இறங்க வேணாம்."

நர்ஸ் திகைத்தாள். "யாருங்க அந்தப் பையன்?"

"என் மகன். இவ புருஷன்."