இனிப்பு நீர் இல்லை

"செல்லப்பன், நீங்க சியாபு எடுக்கறீங்களா?"

டாக்டர் பேட்ரிசியா இப்படிக் கேட்டதும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. போதைப்பொருள் எடுக்கிறாரா என்று யாரைப் பார்த்து இந்தக் கேள்வி?

செல்லப்பன் அண்ணன் யோங் பெங்கில் இருபத்தாறு வருஷமாகப் பள்ளி பஸ் ஓட்டுகிறவர். பஸ் லைசன்ஸைப் புதுப்பிக்க மருத்துவப் பாரத்தில் கையெழுத்து வாங்க எங்கள் கிளினிக்குக்கு வந்திருந்தார். லைசன்ஸ் முடிய இன்னும் நாலே நாள். அது போனால் பஸ்ஸும் போச்சு. வேறு பிழைப்பு அவருக்குத் தெரியாது.

வழக்கமாக, மூத்திரத்தை வைத்து இனிப்பு நீர், அதாவது சர்க்கரை வியாதி, இருக்கிறதா என்று மட்டும்தான் பார்ப்போம். இந்த முறை போதைச் சோதனையும் எடுக்கச் சொல்லி பஸ் முதலாளி நேராக எங்களுக்கே கடிதம் அனுப்பியிருந்தார். அண்ணனுக்கு அது தெரியாது.

அவர் முகத்தில் ரத்தமே இல்லை.

"சியாபுவா? நல்லாப் பாத்தீங்களா டாக்டர்?"

"ரெண்டு தடவை பாத்துட்டேன். இனிப்பு நீர் கொஞ்சங்கூட இல்ல. ஆனா இது இருக்கு."

"எத்தனை நாளா இருக்கும் டாக்டர்?"

"என்னைக் கேட்டா? நீங்கதான் சொல்லணும்."

அண்ணன் தலையைக் குனிந்துகொண்டார்.

டாக்டர் என் பக்கம் திரும்பினார். "வாசுகி, யூரின் எடுக்கறப்ப நீ டாய்லெட் வாசல்லயே நின்னியா?"

நிற்க வேண்டும் என்பது கிளினிக் சட்டம். ஆனால் என்னைவிட இருபது வயது மூத்த மனிதர் உள்ளே போகும்போது கதவோரம் எப்படி நிற்பது? கூச்சமாக இருக்காதா? கப்பைக் கையில் கொடுத்துவிட்டு முன்னால் வந்துவிட்டேன். எல்லா ஆம்பளைகளுக்கும் அப்படித்தான் செய்கிறேன்.

"நின்னேன் டாக்டர்," என்றேன்.

அண்ணன் என்னை நிமிர்ந்து பார்த்தார்.

டாக்டருக்கு நல்ல மனசு. "சில நேரம் சளி மருந்து சாப்பிட்டாக்கூட இப்படிக் காட்டும். இன்னொரு தடவை குடுங்க. நானே டெஸ்ட் பண்றேன். சரியா வந்தா இப்பவே கையெழுத்துப் போட்டுத் தந்துடறேன்."

சுத்தமான மனிதனாக இருந்தால் துள்ளி எழுந்திருக்க மாட்டானா?

"வேணாம் டாக்டர்."

"ஏன் வேணாம்?"

"வேணாம் விடுங்க. தப்பு என்மேலதான்."

"லைசன்ஸ் போயிரும் செல்லப்பன். முதலாளிக்கும் நான் சொல்லியாகணும்."

"தெரியும் டாக்டர்."

டாக்டர் பேனாவை மேசையில் போட்டார். "இனிப்பு நீர் இருந்திருந்தாக்கூட மாத்திரை எழுதிக் குடுத்துக் கையெழுத்துப் போட்டிருப்பேன். எத்தனை டிரைவருங்களுக்குப் போட்டிருக்கேன். இதுக்கு நான் என்ன செய்ய முடியும்?"

"மாத்திரை போட்டாப் போதுமா? லைசன்ஸ் குடுத்துருவாங்களா?"

"ஆமா."

அதுவரை கல்லு மாதிரி உட்கார்ந்திருந்தவர், வாயைப் பொத்திக்கொண்டு அழ ஆரம்பித்தார். என்னமாய் நடிக்கிறார் என்று எனக்கு எரிச்சலாக வந்தது.

'தகுதியில்லை' என்ற கட்டத்தில் டாக்டர் கோடு போட்டார். இருபத்தாறு வருஷம் அந்த ஒரு கோட்டில் முடிந்தது.

"டாக்டர், இதை விடறதுக்கு எங்கயாவது எடம் இருக்கா? போலீசு கீலீசுன்னு போகாம?"

டாக்டர் ஒரு மையத்தின் நம்பரை எழுதிக் கொடுத்தார். அவர் அதை வாங்கி, நாலாக மடித்துச் சட்டைப் பையில் பத்திரமாக வைத்துக்கொண்டார்.

வெளியே கவுண்டருக்கு வந்ததும் என்னால் அடக்க முடியவில்லை.

"என் புள்ளையும் உங்க வண்டியிலதானேண்ணே வருது? அம்பது வயசுக்கு மேல இது தேவையா? எப்படிண்ணே இத்தனை நாளா எல்லாரையும் ஏமாத்தினீங்க? வெக்கமா இல்ல?"

உட்கார்ந்திருந்த நாலு பேரும் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும் என்றுதான் சத்தமாகக் கேட்டேன்.

"புள்ளைய நல்லாப் பாத்துக்கம்மா," என்றார் மெதுவாக.

எனக்கு இன்னும் ஆத்திரம் வந்தது. இவர் வந்து எனக்குப் புத்தி சொல்கிறார்! இன்றைக்கே பள்ளிக்குப் போய் மகளை நானே கூட்டி வந்துவிட வேண்டும். மற்ற அம்மாக்களுக்கும் சொல்லிவிட வேண்டும்.

அவர் கதவைத் தள்ளிக்கொண்டு போய்விட்டார். பார்த்தால், அவருடைய ஐசி, அடையாள அட்டை, கவுண்டரிலேயே கிடக்கிறது. வேண்டா வெறுப்பாக எடுத்துக்கொண்டு பின்னாலேயே ஓடினேன்.

கிளினிக் வாசலில் அவர் மகன் ரூபேந்திரன் மோட்டார் சைக்கிளில் உட்கார்ந்திருந்தான். ஜொகூர் பாருவில் படிக்கிறவன், லீவுக்கு வந்திருக்கிறான். இந்தப் பிள்ளைக்கு இப்படி ஓர் அப்பனா என்று பாவமாக இருந்தது.

"என்னப்பா, முகம் ஒரு மாதிரி இருக்கு? இனிப்பு நீர் இருக்குன்னு சொல்லிட்டாங்களா?"

அண்ணன் அவன் தோளைப் பிடித்துக்கொண்டார்.

"இல்லப்பா. கொஞ்சங்கூட இல்லன்னுதான் சொன்னாங்க."

அவன் சிரித்துக்கொண்டே வண்டியைக் கிளப்பினான்.

"அப்புறம் என்ன, பயந்து செத்தீங்களே! இனிமே எப்ப டெஸ்டுக்கு வந்தாலும் இன்னிக்கு மாதிரியே என்னோட யூரினையே கொண்டுவந்து குடுத்துருங்கப்பா!"