மெஷின் முழுங்கிய ரெண்டு வார்த்தை

“உங்க மெஷின் ரெண்டு வார்த்தையை முழுங்குதுங்க. கொஞ்சம் வந்து பாக்கறீங்களா?”

போனில் அவள் குரலைக் கேட்டதும், கணினிக்காரன் கையிலிருந்த திருப்புளியை அப்படியே போட்டுவிட்டு மாடியேறினான். மானேஜரின் கணினி மேஜைமேல் வயிறு திறந்து கிடந்தது. கிடக்கட்டும்.

அந்தக் காப்பீட்டு நிறுவனத்தில் வாடிக்கையாளர்களின் புகார்களுக்குப் பதில் எழுதுவது அவள் வேலை. அவளுக்குப் பார்வை மங்கலாக இருந்த காலத்தில், எழுத்தைப் பூசணிக்காய் அளவுக்குப் பெரிதாக்கிக் காட்டும் மென்பொருள். பார்வை முழுதும் போன பிறகு, திரையில் இருப்பதை வாசித்துச் சொல்லும் மென்பொருள். இரண்டையும் போட்டுக் கொடுத்தவன் அவன்தான். கூடவே மனசையும் அங்கேயே விட்டுவிட்டு வந்தான். அதை மட்டும் இன்றுவரை வாய் திறந்து சொல்லவில்லை. இன்றும் சொல்லாவிட்டால் சொல்வதற்கு ஆள் இருக்காது. பதவி உயர்வு கிடைத்து, திங்கட்கிழமை முதல் அவள் தலைமை அலுவலகத்துக்குப் போகிறாள்.

“வாப்பா, வா,” என்றாள் பக்கத்து மேஜை அக்கா. “ஹெட்போன் மாத்தித் தரேன்னு சொல்லி ஒரு மாசமாச்சு. இது ஸ்பீக்கர்ல கத்துற கத்துல எங்க காதெல்லாம் புண்ணாப் போச்சு.”

“ஆர்டர் போட்டிருக்கேன்க்கா.”

“நீ எதைத்தான் காலாகாலத்துல செஞ்சிருக்கே?”

புகார்ப் பிரிவே சிரித்தது. அவன் காது சிவக்க நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டான்.

“என்ன வார்த்தைங்க முழுங்குது?”

“முதல்ல நீங்க சோதிச்சுப் பாருங்க. நோயாளியே நோயைச் சொல்லிட்டா டாக்டர் எதுக்கு?” என்றாள் அவள்.

ஏதோ ஒரு புகாரைத் திறந்தான். மெஷின் கடகடவென்று பொரிந்து தள்ளியது.

“ஒண்ணுமே புரியலையே! இந்த வேகத்துலயா கேக்கறீங்க?”

“எங்களுக்கே பழகிப்போச்சு,” என்றாள் அக்கா. “நீதான் இன்னும் புரியாம முழிக்கிறே.”

வேகத்தைக் குறைத்தான். ‘நாயாகப் பேயாக அலைகிறேன் ஆச்சரியக்குறி ஆச்சரியக்குறி ஆச்சரியக்குறி’ என்று மெஷின் நிதானமாக வாசித்தது.

“பாருங்க, ஒரு ஆச்சரியக்குறியைக்கூட விடல.”

“அந்த ஆளு கொதிச்சுப்போய் எழுதியிருக்காரு, இது தாலாட்டு பாடுது. இவ்வளவு மெதுவா படிச்சா, பதில் எழுதறதுக்குள்ள நான் ரிட்டயர் ஆயிடுவேன். ஆமா, போன மாசம் புது வெர்ஷன் போட்டீங்களே, அதுல என்னென்ன புதுசுன்னு படிச்சுப் பாத்தீங்களா?”

“அதையெல்லாம் யாருங்க படிப்பாங்க? ‘சம்மதம்’னு ஒரு அமுக்கு அமுக்கிட்டுப் போயிட்டே இருக்கணும்.”

“ஓகோ,” என்றாள் அவள், உதட்டைக் கடித்துக்கொண்டு.

குரலை மாற்றிப் பார்த்தான். கரகரவென்று ஒரு ஆண் குரல் வந்தது.

“ஐயையோ, இது வேணாம். எங்க பெரியப்பா பக்கத்துல உக்காந்து கண்டிக்கிற மாதிரியே இருக்கு.”

பழைய குரலையே திரும்ப வைத்தான். அதற்கு மேல் செய்ய ஒன்றுமில்லை. எழுந்து போகவும் மனசில்லை.

“தலைமை ஆபீஸ்ல... இதையெல்லாம் பாத்துக்க ஆள் இருப்பாங்க,” என்றான்.

“இருக்காங்களாம். ரொம்பக் கெட்டிக்காரங்களாம்.”

“நல்லதுங்க.”

“சொன்ன வேலையைச் சொன்ன நாள்ல முடிப்பாங்களாம்.”

“நல்லதுங்க.”

“மனசுல இருக்கறதை வாயைத் திறந்து பேசவும் செய்வாங்களாம்.”

அவனும் சொல்லிவிடலாம் என்றுதான் வாயைத் திறந்தான். “எந்த வார்த்தைன்னு சொன்னாத்தாங்க சரி பண்ண முடியும்,” என்று மெஷினையே பார்த்துக்கொண்டு சொன்னான்.

“சரி. இன்னிக்குக் காலைல நீங்க எனக்கு ஒரு மெயில் அனுப்பினீங்களே, அதைப் படிக்க விடுங்க. அதுலதான் முழுங்குது.”

அவனுக்குத் திக்கென்றது. விடிந்ததிலிருந்து எழுதி எழுதி அழித்து, போகிறவளை எதற்குச் சங்கடப்படுத்த வேண்டும் என்று கடைசியில் ஊருக்கெல்லாம் எழுதுகிற மாதிரி ஒரு வாழ்த்தோடு நிறுத்திக்கொண்ட மெயில் அது. அக்கா வேறு நாற்காலியை இந்தப் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டாள். வேறு வழியில்லாமல் அமுக்கினான்.

‘பதவி உயர்வுக்கு வாழ்த்துகள். புது அலுவலகத்தில் எல்லாம் நல்லபடியாக அமையட்டும். இப்படிக்கு, கணினிப் பிரிவு’ என்று மெஷின் ஒப்பித்தது.

அவனுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. “எல்லாம் சரியாத்தானே இருக்கு? ஒரு எழுத்துகூட விடலையே!”

“விட்டிருக்கே.”

“எழுதினவன் எனக்குத் தெரியாதாங்க? சத்தியமா அவ்வளவுதான் எழுதினேன்.”

“அப்ப முழுங்கினது மெஷின் இல்லையா?”

பிரிவில் தட்டிக்கொண்டிருந்த கைகளெல்லாம் நின்றன. அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

“பழசு மாதிரி இல்ல, இந்தப் புது வெர்ஷன் மெயில்ல போடற குட்டிக் குட்டிப் படத்தோட பேரையும் சேத்துச் சொல்லுதுங்க,” என்றாள் அவள். “ஒரு மாசமா நீங்க அனுப்பின ஒவ்வொரு மெயிலையும் படிச்சு முடிச்சு, கடைசில ‘சிவப்பு இதயம்’னு சத்தமா சொல்லிட்டிருந்துச்சு. இன்னிக்கு மட்டும் ஏன் சொல்லல?”