இளைஞர் இசைக்குழு

"இளைஞர்களைப் பார்த்து இனிமே கோயிலில வாசிக்காதீங்க எண்டு எப்பிடிப் பாதர் உங்களுக்குச் சொல்ல மனம் வந்தது?"

கிற்றாரைத் தோளிலிருந்து இறக்காமலே டெரன்ஸ் கேட்ட கேள்வி பாதரின் வீட்டு விறாந்தை முழுக்க அதிர்ந்தது. வாவிக்கரைக் கோயிலில் ஞாயிறு பூசை முடிந்து சனம் இன்னும் கலையவில்லை. அடுத்த ஞாயிறு திருவிழா. அதில் இளைஞர் இசைக்குழு வேண்டாம் என்று பாதர் சொல்லிவிட்டார்.

"கோபப்படாத மனே. முறைப்பாடு வந்திரிக்கு."

"உயிர்ப்புத் திருநாளில கம்பி அறுந்ததா? கடையில கம்பி இல்ல. மீன் பிடிக்கிற தங்கூசி நூலைக் கட்டி வாசிச்சம். அது இழுபட இழுபடச் சுருதி இறங்கிட்டுது. சனமும் கூடவே இறங்கிப் பாடினதுதானே?"

"நடுப்பூசையில உன்ட ஸ்பீக்கருக்குள்ளால சினிமாப் பாட்டு வந்ததே?"

"அது ரேடியோ அலை. வயர் பிழை. நீங்களும் தலையை ஆட்டினீங்க, நான் கண்டன்."

பாதர் நரைத்த தாடியைத் தடவிக்கொண்டார்.

டெரன்சுக்கு ஆத்திரம் அடங்கவில்லை. அடங்குமா? பந்தல் போட, கதிரை அடுக்க, சிலுவைப்பாதைக்கு மைக் தூக்க மட்டும் இளைஞர் வேண்டும். பாட்டென்று வந்தால் எல்லாருக்கும் கசக்கிறது.

"ஆரு சொன்னதெண்டு எனக்குத் தெரியும் பாதர். முன்வரிசை வாங்கில இருக்கிற கிழடுகள். ஆர்மோனியத்தை விட்டா அதுகளுக்கு வேறொண்டும் பிடிக்காது. இளைஞருக்கு இடம் குடுங்க எண்டு நீங்க பிரசங்கம் மட்டும் வைப்பீங்க. நாங்க நாலு பேரும் மழை வெள்ளத்துக்குள்ளயும் பயிற்சிக்கு வாற ஆக்கள். அதுக்கு இதா மரியாதை?"

"முன்வாங்கில ஒருத்தரும் வாய் திறக்கல்ல. பாதிப் பேருக்குக் காதே கேக்காது."

"அப்ப ஆரு? பேரைச் சொல்லுங்க. இப்பவே போறன். இளைஞர் எண்டா அவ்வளவு இளக்காரமா எண்டு முகத்துக்கு நேரே கேக்கிறன்."

பாதர் டெரன்சுக்குக் கிட்ட வந்தார். பிறகு மெல்லச் சொன்னார்.

"வீட்ட போய்க் கேள் மனே. உன்ட பேத்தி ஷெரோனிதான் வந்து அழுதவ. இளைஞர் குழுவில சேரக் காத்திருந்து காத்திருந்து அவவுக்கே கலியாணம் பேசியாச்சாம். அம்மப்பா இன்னும் எழும்பி இடம் விடுறாரில்லையாம்."