ஈனாத மாடு

"ஈனாத மாடு திங்கிறது புல்லை இல்ல, உங்க லாபத்தை; வித்துடுங்கன்னு பண்ணைக்காரங்களுக்குப் பாடம் எடுக்கிறீங்க. நம்ம வேலிக்குள்ள ஒண்ணு நிக்குதே, வாத்தியாரே! ஊருக்குத்தான் உபதேசமா?" என்றபடி மாத்தே தேநீரை நீட்டினாள் மனைவி செல்மிரா.

"அது பாட்டுக்கு நிக்கட்டும், போடி." ருபெர்த்தோ சிரித்தபடி குடித்துவிட்டு வகுப்புக்குக் கிளம்பினார். வழியில் ஜீப் கவிழ்ந்து இறந்துபோனார்.

துக்கம் கேட்க வந்த பண்ணைக்காரர் இபார்ராவிடம், "அந்த மாட்டை ஓட்டிட்டுப் போய் வித்துடுங்கண்ணே. அவர் சொன்ன பாடந்தானே" என்றாள் செல்மிரா.

இபார்ரா தலைகுனிந்தார். "நானும் அவரை அப்படித்தாம்மா கேலி பண்ணினேன். 'எங்களுக்கும் குழந்தை இல்லப்பா. ஈனலைன்னு அதை வித்தா, அவ மனசு என்ன பாடுபடும்?'னாரு."

மாடு இன்னும் வேலியோரம் மேய்கிறது. இந்த வருஷமும் ஈனவில்லை.