வாசலில் அணையும் வேன்

அந்தப் பள்ளிக்கூட வேனின் இன்ஜின், மெக்கானிக்கின் வீட்டு வாசலில் மட்டும் தினமும் மாலை நாலு பத்துக்கு அணைந்துவிடும். ஒரு நிமிடம் கழித்துச் சாவியைத் திருப்பினால் கிளம்பிவிடும். அவருடைய மகள் வேனிலிருந்து இறங்கும் இடம் அது. அவள் இறந்து எட்டு மாதமாகிறது.

“ஊரெல்லாம் ஒழுங்கா ஓடுதுண்ணே. உங்க வாசலுக்கு வந்தா மட்டும் மக்கர் பண்ணுது,” என்றான் டிரைவர்.

மெக்கானிக் இன்ஜின் கம்ப்யூட்டரைக் கழற்றிவிட்டுப் புதியதைப் பொருத்தினார். பழையதில் என்ன கோளாறு என்று சோதனைக் கருவி கடைசிவரை காட்டவில்லை.

அன்று நாலரைக்கு மனைவி பட்டறைக்குப் போன் செய்தாள்.

“என்னங்க, வேன் இன்னைக்கு நிக்காமப் போயிடுச்சு.”

“சரி பண்ணிட்டேன்மா.”



“ஊத்தி வச்ச பால் இன்னைக்கு மட்டும் அப்படியே இருக்குங்க,” என்றாள். “பாப்பா இன்னும் வரல.”