முறுக்கு கொடுப்பேன்

“மறுபடியும் ஆறு பேருமே ஃபெயிலா?”

கலையரசி போனைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டாள்.

நெசவாளர் வீட்டுக் குழந்தைகளைப் பகலில் பார்த்துக்கொள்ளும் தொண்டு நிறுவனம் அது. ஊழியர்களுக்குப் பயிற்சி தருவது அவள் வேலை.

பாதிப் பயிற்சி போனில், பாதி நேரில். வீட்டில் வீடியோ பார்த்துவிட்டு, கொடுத்திருக்கும் பதில்களில் ஒன்றைத் தட்ட வேண்டும். பாதிப் பேருக்கு மேல் தவறினால்தான் அவள் சென்னையிலிருந்து செவிலிமேட்டுக்கு வந்து நேரில் சொல்லித் தருவாள். ஒருவர் மட்டும் தவறினால் வகுப்பு கிடையாது. அவருக்கு வேலையும் கிடையாது. தலைமை அலுவலகம் போட்ட விதி.

இந்த வாரக் கேள்வி சுலபம்தான். குழந்தையின் தொண்டையில் ஏதாவது சிக்கிக்கொண்டால் என்ன செய்வீர்கள்?

ஐந்து பேர் ஒரே பதிலைத் தட்டியிருந்தார்கள். ‘முறுக்கு கொடுப்பேன்.’

செவிலிமேட்டு வகுப்புக்குள் நுழைந்ததுமே பிடித்துக்கொண்டாள். “ஏம்பா விக்னேஷ், நாள் முழுக்க போனும் கையுமா இருக்க. நீயுமா முறுக்கு?”

“விரல் தெரியாம பட்டுடுச்சு மேடம்.”

“அஞ்சு பேர் விரலுமா? இங்க போடற சாப்பாட்டுக்காகத்தான வேணும்னே ஃபெயில் ஆகறீங்க?”

“தயிர்சாதத்துக்கு எவனாச்சும் ஃபெயில் ஆவானா மேடம்?”

எல்லோரும் சிரித்தார்கள். கலையரசிக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

வகுப்பு முடிந்ததும் செய்முறைத் தேர்வு. இதிலும் தவறினால் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். தொண்டையில் ரப்பர் குண்டு சிக்கிய பொம்மையை எடுத்து வைத்தாள்.

விக்னேஷ் அதைக் குப்புறப் போட்டு முதுகில் தட்டினான். குண்டு வெளியே வந்து விழுந்தது. எஸ்தர் அவனைவிட வேகம். முறுக்குக் கோஷ்டி மொத்தமும் அட்டகாசமாகத் தேறியது!

கடைசியாக கிருஷ்ணம்மாள். தறி வேலையை விட்டுவிட்டு வந்தவர். போன் கேள்விக்கு எதையுமே தட்டத் தெரியாமல் விட்டவர் அவர் ஒருவர்தான். பொம்மையை வாங்கி, எப்படிப் பிடிப்பது என்று திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“யக்கா, காலையில மேடம் உன் கையப் புடிச்சு காட்டினாங்க இல்ல? அதேதான்,” என்றாள் எஸ்தர்.

தட்டினார். வரவில்லை. மறுபடி தட்டினார். வரவில்லை. ஐந்து பேரும் எழுந்தே நின்றுவிட்டார்கள்.

கிருஷ்ணம்மாள் பொம்மையின் தலையை இன்னும் தாழ்த்தி, பலமாக ஒரு தட்டு தட்டினார்.

குண்டு பறந்து போய்த் தயிர்சாதப் பொட்டலத்தின் மேல் விழுந்தது!

“யக்கா பாஸு!” விக்னேஷ் விசிலடித்தான். எஸ்தர் அவரைக் கட்டிப்பிடித்துத் தூக்கியே விட்டாள். கலையரசியும் தன்னை மறந்து கைதட்டினாள். ஆனாலும் மனசு ஆறவில்லை.

“இவ்ளோ நல்லா செய்யறவங்க போன்ல மட்டும் ஏன்...”

“பசங்கள திட்டாதம்மா,” என்றார் கிருஷ்ணம்மாள், கண்ணைத் துடைத்தபடி. “எனக்குக் கையால செஞ்சாதான் மண்டையில ஏறுது. நான் ஒருத்திதான் மக்கு, வேல போயிடும்னு அழுதுகினு இருந்தேன். இதுங்களுக்கும் போன்ல வரலன்னு தெரிஞ்ச அப்புறந்தான் தைரியமே வந்துச்சு.”

கலையரசி ஐந்து பேரையும் பார்த்தாள். நாலு பேர் தரையைப் பார்த்தார்கள். விக்னேஷ் மட்டும் கிருஷ்ணம்மாளுக்குத் தெரியாமல், சொல்லாதீங்க என்று உதட்டில் விரல் வைத்தான்.

அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

“ஆமாம்மா, ரொம்பக் கஷ்டமான கேள்வி,” என்றாள். “நானா இருந்தாலும் முறுக்குதான் கொடுத்திருப்பேன்.”