இருபத்துமூன்று நிமிடப் பாட்டு

கிளினிக்கிலிருந்து திரும்பிய பல் டாக்டர் உள்ளே பேச்சுக்குரல் கேட்டு வாசலிலேயே நின்றார்.

அவருடைய உயிரான, நீள நீளமாக வாசிக்கும் புரோகிரசிவ் ராக் இசைக்குழுவின் பாடல்களை மனைவியும் மகளும் வரிசைப்படுத்திக்கொண்டிருந்தார்கள்.

"இருபத்துமூணு நிமிஷப் பாட்டுக்குத்தாம்மா முதலிடம்."

"சந்தேகமே இல்ல. அந்த ஹிட் பாட்டு?"

"நாலே நிமிஷம். கடைசியில தள்ளு."

டாக்டருக்குப் புல்லரித்தது. ஊரே கொண்டாடும் பாட்டைக் கடைசியில் தள்ள எவ்வளவு ரசனை வேண்டும். இருபது வருடமாக அவருடைய விளக்கவுரையை வாயைப் பிளந்து கேட்டவர்கள் பல் பிடுங்க வந்தவர்கள் மட்டும்தான். இப்போது சொந்த வீட்டிலேயே.

"டிரம்ஸ் தனியா வாசிக்கிற பாட்டு?"

"வேண்டாம்மா. நடுவுல ஒரு நிமிஷம் அமைதியாயிடும். அங்கதான் எல்லாம் கெட்டுப்போகும்."

என்ன நுட்பம். கண்ணைத் துடைத்துக்கொண்டு கதவில் கை வைத்தார்.

"அப்ப நாளைக்கு உன் வருங்கால மாமனார், மாமியார் வந்து உட்கார்ந்ததும் அந்த முதலிடப் பாட்டைப் போட்டுடு," என்றாள் மனைவி. "பாட்டு ஓடுறப்ப மட்டும்தான் உங்கப்பா கண்ணை மூடிட்டு வாயைத் திறக்காம இருப்பாரு. இருபத்துமூணு நிமிஷம் தாராளம். கல்யாணத் தேதியையே பேசி முடிச்சுடலாம்."